முப்பது கிலோ

டிசம்பர் முப்பத்தொன்றோடு வீட்டு ஒப்பந்தம் முடிந்தது.
விமானம் மூன்றாம் தேதி.
நடுவில் கிடந்த மூன்று இரவுகளுக்கு
ஷார்ஜா ஓட்டல்களில் சொன்ன விலையைக் கேட்டு
ரெக்சன் கொஞ்ச நேரம் சிரித்தான்.
பிறகு யாரிடமோ பேசி
ஒரு கேரவனைப் பிடித்தான்.

சுற்றுலா என்றோம் ஜெர்லினிடம்.
ஒன்பது வயது. நம்பியது போல் இருந்தாள்.

ஷேர் வலியின் பிக்கப் இழுக்க
வீடு பின்னால் வந்தது,
வேகத்தடைதோறும் பாத்திரம் குலுங்கி.
கதவு சரியாகச் சாத்தாது, ரப்பர் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்;
கழிப்பறைத் தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும்,
எரியாவிட்டாலும் நிறைந்திருக்கலாம்
என்று விளக்கிய மனிதர்
மலீஹாவில் மணலோரம் எங்களைக் கழற்றிவைத்துப் போனார்.
நான்கு முட்டுகள், ஒன்றின் கீழ் மரக்கட்டை.
மட்டம் பார்க்கும் குமிழ் கொஞ்சம் இடப்பக்கம் ஓடியது.
இரவெல்லாம் நாங்களும் அப்பக்கமே சரிந்தோம்.

எதிரே அந்தப் பாறை.
படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம்,
கிட்டே போகப் போக வளர்ந்தது.
உச்சியில் மூன்று பேர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்,
சூரியனுக்கா சிக்னலுக்கா தெரியவில்லை.

கட்டிலை மடித்தால் மேசை.
மேசையை மடித்தால் நடக்க இடம்.
பதினோரு வருடம் இரண்டு படுக்கையறைகளில்
எங்கே வைத்தோம் என்று தேடியதெல்லாம்
இங்கே கை நீட்டினால் கிடைத்தது:
உப்பு, பாஸ்போர்ட், ரெக்சனின் முழங்கால்.

நள்ளிரவு ஆராதனைக்குப் போகாத முதல் வருடப் பிறப்பு.
மேற்கே வானம் இரண்டு முறை சிவந்தது,
சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை.
படுத்தபடியே பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன்,
அன்றன்றுள்ள அப்பத்தில் தூங்கிவிட்டேன்.

வேலை போனதை அவன் இன்னும்
கம்பெனி சுருங்கிவிட்டது என்றே சொல்கிறான்,
வெந்நீரில் துவைத்த சட்டை மாதிரி.

காலையில் ஜெர்லின் ஓடி வந்தாள்.
கையில் ஒரு கல். கல்லுக்குள் சிப்பி,
வரிவரியாய் விசிறி, ஓரத்தில் சிறு உடைசல்.
"அம்மா, இங்க கடல் இருந்துச்சா?"
இருந்தது, ரொம்ப முன்னாடி. பலகையில் போட்டிருக்கு.
"எத்தனை வருஷம் இருந்துச்சு?"
எத்தனை வருஷத்துக்கு முன்பு என்றுதான் போட்டிருந்தது.
எத்தனை வருஷம் தங்கியது என்று
யாரும் எழுதியிருக்கவில்லை.
"அப்புறம் எங்க போச்சு?"
நான் கிழக்கே கை காட்டினேன், ஃபுஜைரா பக்கம்.
அதே நேரம் ரெக்சன் மேற்கே காட்டினான்.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு
சமையல் மேடையில் கிடந்தது.
ஆளுக்கு முப்பது கிலோ.
மூன்று வாரமாக எங்கள் வாழ்க்கை அதில்தான் தொங்கியது:
மிக்ஸியைக் கொடுத்துவிட்டு ஜாரை மட்டும் வைத்துக்கொண்டது,
அது ஏன் என்று இன்னும் விளங்காதது.
கல்லைப் பையில் போட்டு மாட்டினாள்.
நானூற்று இருபது கிராம்.
"என் ஷூவை விட்டுட்டா சரியாயிடும்."

எடுக்கக் கூடாது என்றும் அந்தப் பலகையில் இருந்தது.
படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு படம்:
ஒரு கை, அதன் குறுக்கே கோடு.

அழுவாள் என்று தயாராக இருந்தேன்.
"இங்க பொறந்ததை வெளிய கொண்டுபோகக் கூடாதா?"
என்று மட்டும் கேட்டாள்,
அல் காசிமி மருத்துவமனையில் பிறந்தவள்.
கேஸ் குழாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
ரெக்சன் வெளியே போனான்.
அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் தேதி விடியலில் ஷேர் வலி வந்து
முட்டுகளை மடக்கினார்.
மணலில் நான்கு பள்ளம்.
எடுத்த இடம் மறந்துபோச்சு என்று
ஒரு பள்ளத்தில் கல்லை வைத்தாள்,
சிப்பி மேல்பக்கமாக.
மற்ற மூன்றையும் காலால் மூடினாள்.

தொட்டியைத் திறந்து பார்த்தவர்
நிறைந்திருக்கிறது என்றார்.
விளக்கு கடைசிவரை எரியவில்லை.